பாலைவனத்துக் குச்சொழுங்கைகள்

பாலைவனத்தில் ஒருவன் நீரின்றி நாவறண்டு இறந்தான் என்று சொன்னால் கேட்பவர் எவரும் வியப்படையார். பாலைவனத்தில் ஒருவன் வெள்ளத்தில் மூழ்கி இறந்தான் என்று சொன்னாலோ, சொல்பவனின் புத்தி தடுமாறிவிட்டது என்றே எண்ணுவர். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே, யூட்டா மாநிலத்தின் தென்பகுதியும் அரிசோனா மாநிலத்தின் வடபகுதியும் கூடுகின்ற வறண்ட பீடபூமியில், இந்த இரண்டாவது வகை மரணம் காலத்துக்குக் காலம் நிகழ்ந்து வருகின்றது. இறந்தோரிற் பலர் வழி தவறியவர்களும் அல்லர். விடுமுறையைக் களிப்பாகக் கழிக்க எண்ணி, நண்பர்களோடு கூடித் தாமே விரும்பிச் சென்றவர்கள். அவர்களைக் கவர்ந்த இடம் எத்தகையது, அங்கே அவர்கள் செய்வது யாது, தலைக்கு மேல் வானம் நீலமாயிருக்க வெள்ளம் எங்கிருந்து வருகின்றது என்பவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இரு புறமும் வேலி உயர்ந்து நிற்க, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய குச்சொழுங்கையை நம்மவர் அறிவர். அவ்வொழுங்கையை மனத்திற் கொள்க. கிடுகு வேலி நின்ற இடத்திற் செந்நிறக் கற்சுவரை எழுப்புக. அச்சுவர் ஒரு பனை உயரமன்று. பனைமேற் பனையாக இரண்டு மூன்று பனை உயரம். சில இடங்களிற் பத்துப் பனைக்கும் மேல். வானம் நெடுந்தூரத்தில் ஒரு நாடாவைப் போலத் தெரியும். சுவர்கள் வளைந்து ஒன்றையொன்று மறைக்குமிடத்தில் அந்த நாடாவும் இல்லை. நடுப்பகலிலும் உள்ளே அந்தி மயக்கம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிர் உடலை நடுக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்லொட் கனியன்’ என்று பெயர். தபாற்பெட்டியிற் கடிதம் போடும் நீண்ட துவாரத்தையும் ஸ்லொட் என்றே சொல்வர். பெயர் பொருத்தமானதே. மேலே திறந்த பாறைவெளியில் நடந்து செல்பவனுக்கு நிலத்தில் அத்தகைய ஒரு கீறல் மட்டுமே புலப்படும். விளிம்பை அணுகும்வரை அங்கே ஒரு பாதாளம் இருப்பதை அவன் அறியான்.

இக்கீறல்களை வெட்டிய சிற்பி நீரேயாகும். ஏறக்குறைய 18 அல்லது 19 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பிரதேசம் பெரியதொரு மணற்கடலாயிருந்தது. காற்று மணலைக் குன்று குன்றாகக் குவித்தது. குன்றின்மேற் குன்று புதைந்தது. காலகதியில் மணல் இறுகிக் கல்லாயிற்று. ‘நவஹோ மணற்கல்’ எனப்படும் இப்படை, சீயோன் தேசியப் பூங்காவில் 2,000 அடிக்கும் மேற்பட்ட தடிப்புள்ளது. சுவர்களிற் சாய்ந்து சாய்ந்து செல்லும் மெல்லிய கோடுகளை உற்று நோக்கினால் அன்றைய காற்று எத்திசையிலிருந்து வீசிற்று என்பதைப் புவிச்சரிதவியலார் படித்துவிடுவர். கல்லுக்குச் செம்மையும் மஞ்சளும் தந்தது அதிற் கலந்துள்ள இரும்பு.

பின்னர் பீடபூமி மெல்ல மெல்ல உயர்ந்தது. மழைநீர் கல்லின் வெடிப்புகளைப் பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கிற்று. வெறும் நீர் கல்லை அறுப்பதற்கு நெடுங்காலம் செல்லும். மணலையும் கல்லையும் சுமந்து விரையும் நீரோ அரத்தைப் போல அராவும். ஈரமான நாடுகளில் ஆறு கீழ்நோக்கி அரிக்கும்போதே மழையும் மண்சரிவும் மரவேர்களும் கரைகளை உடைத்துப் பள்ளத்தாக்கை அகலமாக்கிவிடும். இங்கோ மழை அருமை. சுவர்களை உடைப்பார் இல்லை. ஆண்டிற் சில நாட்களே வரும் வெள்ளம் அடியை மட்டும் ஆழமாக்கிச் செல்கின்றது. ஆழம் வளர, அகலம் வளராமல் நின்றமையே இவ்விடுக்குகளின் பிறப்பு இரகசியம். நாம் வியந்து பார்க்கும் ஒவ்வொரு வளைவும் ஒரு வெள்ளம் திரும்பிச் சென்ற சுவடு என்பதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. கதை இனி அங்கேதான் வந்து சேரும்.

அரிசோனாவில் பேஜ் என்னும் நகருக்கு அருகே நவஹோ பழங்குடியினரின் நிலத்திலுள்ள அன்ரலோப் கனியன் இவற்றுள் மிகப் பிரசித்தமானது. அதன் மேற்பகுதிக்கு நவஹோ மொழியில் வழங்கும் பெயரின் பொருள் ‘பாறைகளினூடே நீர் ஓடும் இடம்’ என்பதாம். வெள்ளையர் மானின் பெயரை இட்டனர்; அங்கு வாழ்ந்தவர்களோ நீரை மறவாமற் பெயரிட்டனர். கோடைகால நடுப்பகலில் மேலேயுள்ள துவாரத்தினூடாக ஒற்றைச் சூரியக்கதிர் தூணைப்போல இறங்கி மணலைத் தொடும். அவ்வேளையில் இருபுறச் சுவர்களும் தணலும் மஞ்சளும் ஊதாவுமாக மாறும். உலகெங்கும் நாட்காட்டிகளிற் காணப்படும் படம் அதுவே.

யூட்டா எல்லையிலுள்ள பக்ஸ்கின் கல்ச் என்பது 12 மைலுக்கும் மேல் நீளும் ஒரே இடுக்கு. உலகின் மிக நீண்ட பிளவிடுக்குகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. சீயோன் பூங்காவில் வேர்ஜின் ஆறு ஓடும் ‘நரோஸ்’ என்னும் இடுக்கில் ஆறே வழியாகும். இடுப்பளவு நீரிற் கோலூன்றி நடத்தல் வேண்டும். மேலிருந்து கீழாக 16 மைல். பையூட் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த அப்பள்ளத்தாக்குக்குப் பைபிளிலுள்ள சீயோனின் பெயரை இட்டவர்கள் மோர்மன் சமயத்தைச் சேர்ந்த குடியேற்றக்காரர். 1872ஆம் ஆண்டில் நரோஸ் வழியே சென்று அப்பெயரை இட்டவர் கில்பேர்ட் என்னும் புவிச்சரிதவியலார். அதே ஆண்டில் அதன் கிழக்குக் கிளையை ஆராய்ந்தவர் ஜோன் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலக்கரத்தை இழந்த பவல், அதற்கு முன்னர் 1869இல் ஒற்றைக் கையுடனேயே கொலராடோ ஆற்றைப் படகிற் கடந்த தீரர்.

அவர்கள் நிலப்படம் வரையச் சென்றனர். இக்காலத்தவர் விளையாட்டாகச் செல்கின்றனர். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் நான்கைந்து நண்பர்கள் ஒரு வாகனத்தில் ஏறி இரவெல்லாம் ஓட்டிவந்து, விடியலில் ஒரு பாறைவெளியில் இறங்கி, ஞாயிறு மாலை மணலும் சிராய்ப்புமாக வீடு திரும்புவர். பொறியியலாளர், ஆசிரியர், தாதி, இளைப்பாறிய உத்தியோகத்தர் என்று எத்தொழிலினரும் இக்கூட்டங்களில் உண்டு. இளைஞரின் விளையாட்டு என்று நினைத்தல் தவறு; ஐம்பது வயது கடந்தோர் ஏராளம்.

மலையேறுபவன் கீழிருந்து மேலே செல்கின்றான், களைத்தால் இறங்கிவிடலாம். இவர்களின் பயணமோ மேலிருந்து கீழே. இடுக்கின் தலைப்பில் நுழைந்து, நீர் சென்ற வழியே சென்று, நீர் வெளியேறும் வாயிலால் வெளியேறுவர். நீர் குதித்துச் சென்ற செங்குத்தான இடங்களில் இவர்கள் கயிற்றில் இறங்குவர். இடுப்பில் வார்ப்பட்டி, தலையிற் கவசம், உடலை ஒட்டிய இறப்பர் உடுப்பு, நீர் புகாத பை, இவையே ஆயுதங்கள். சுவர் நெருங்கி அடியில் நீரோ வெடிப்போ இருக்குமிடத்தில் ஒரு சுவரில் முதுகையும் மறு சுவரிற் பாதங்களையும் ஊன்றி அந்தரத்தில் நண்டைப்போல நகர்வர். கிணறு போலக் குடையப்பட்ட கற்குழிகளில் பல மாதத்து மழைநீர் வெயில் படாமல் தேங்கியிருக்கும். நீர் நிறைந்திருந்தால் நீந்திக் கடந்து விளிம்பைப் பற்றி ஏறலாம். பாதி வற்றியிருந்தாலோ வழுக்கும் சுவர் தலைக்கு மேல் நிற்கும். காலூன்ற அடியும் எட்டாது. அங்கே ஒருவர் தோளில் மற்றவர் ஏறி வெளியேறி, மேலிருந்து கயிறு விட்டு ஏனையோரைத் தூக்குதல் வேண்டும். தனியே வந்தவன் அக்குழியிற் குளிரால் விறைத்து இறக்கவும் கூடும். பாலைவனத்திற் குளிரால் மரணம்! அந்நாட்டின் விசித்திரங்களில் அதுவும் ஒன்று.

இவ்விளையாட்டின் உயிர்நிலை கயிற்றை இழுக்கும் கணத்தில் இருக்கின்றது. பாறையில் அறைந்த வளையத்தினூடாகக் கயிற்றை இரட்டையாக மாட்டி ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். கடைசி ஆள் இறங்கியதும் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, மறுமுனை வளையத்தினூடே ஓடிக் கயிறு முழுவதும் கீழே வந்து விழும். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு வேண்டுமாதலால் இழுக்காமலிருக்க முடியாது. (மணற்கல் மென்மையானது, பல்லாயிரம் முறை இழுத்த கயிறுகள் பல விளிம்புகளில் விரலாழத்துக்குத் தழும்பிட்டுள்ளன.) கயிறு விழுந்த கணத்தோடு திரும்பும் வழி அடைபட்டுவிடும். இனி முன்னே செல்வதன்றி வேறில்லை. மழை வருமா, ஒருவருக்கு இயலாமையா, நேரம் போதுமா என்ற கேள்விகளெல்லாம் அதற்கு முன்னரே கேட்கப்பட்டிருத்தல் வேண்டும்.

தனியே செல்வதன் அபாயத்துக்கு உலகறிந்த சாட்சி ஒருவர் உளர். 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி சனிக்கிழமை, 27 வயதினரான ஆரோன் ரால்ஸ்டன் என்பவர் யூட்டாவிலுள்ள புளூ ஜோன் கனியனுக்குள் தனியே இறங்கினார். எங்கே போகிறேன் என்று எவரிடமும் சொல்லவில்லை. ஏறக்குறைய 800 இறாத்தல் எடையுள்ளதெனக் கூறப்படும் பாறையொன்று உருண்டு அவரது வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்கள் நின்ற நிலை, நீர் தீர்ந்தது. ஈற்றில் எலும்பைத் தாமே முறித்து, மழுங்கிய சிறு கத்தியாற் கையை அறுத்துப் பிரிந்து, ஒற்றைக் கையாற் கயிற்றில் இறங்கி, வெயிலில் நடந்து உயிர் தப்பினார். அச்சரித்திரம் ‘127 மணித்தியாலங்கள்’ என்ற பொருள்படும் பெயருடன் 2010இற் படமாக வந்தது. டானி பொயில் நெறிப்படுத்திய அப்படத்துக்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான் என்பதால் நம்மவரிற் பலரும் அதனைப் பார்த்திருப்பர்.

ஆகவே துணையோடு செல்லுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்கின்றனர்; சரியே. ஆனால் கல்லுக்கு எதிரே உதவும் துணை வெள்ளத்துக்கு எதிரே உதவுவதில்லை.

யூலை நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று அப்பீடபூமிக்கு வருகின்றது. காலை வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். பிற்பகலில் முகில்கள் கோபுரம்போல் எழுந்து, சிறியதொரு பரப்பின்மேல் அரைமணி நேரம் கொட்டித் தீர்க்கும். நமது நாட்டில் இத்தகைய மழை பெய்தால் வயலும் குளமும் செம்மண்ணும் அதனைக் குடித்துக்கொள்ளும். அங்கோ பல சதுர மைல் பரப்புக்கு வெறும் பாறை. பெய்த நீரிற் பெரும்பகுதி அப்படியே ஓடுகின்றது. அந்நீர் முழுவதும் ஒரு குச்சொழுங்கை அகலமுள்ள இடுக்குக்குள் வந்து விழுமானால் என்னாகும்? அகலத்தில் இடமில்லாத நீர் உயரத்தில் இடம் தேடும். பக்ஸ்கின் கல்ச்சில் நடப்பவர்கள் தலைக்கு மேல் நெடுந்தூரத்தில், இரு சுவர்களுக்கும் நடுவே குறுக்காக இறுகி நிற்கும் பெருமரங்களைக் காண்கின்றனர். அவற்றைக் கொண்டுபோய் அங்கே வைத்தது வெள்ளமே.

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி அன்ரலோப் கனியனின் கீழ்ப்பகுதியில் உல்லாசப் பிரயாணிகள் சிலர் நின்றனர். பிரான்ஸ், பிரித்தானியா, சுவீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக இல்லை. சில மைல்களுக்கு அப்பால், அவர்கள் காணமுடியாத ஒரு மேட்டின்மேற் புயல்மழை கொட்டியது. சற்று நேரத்திற் சேறும் கல்லும் கலந்த நீர்ச்சுவர் வந்தது. அக்காலத்தில் அங்கிருந்த மர ஏணிகளை அது அள்ளிச் சென்றது. 11 பேர் மாண்டனர். வழிகாட்டி ஒருவர் மட்டுமே தப்பினார். பின்னர் அங்கே உருக்கு ஏணிகள் பாறையோடு சேர்த்துப் பூட்டப்பட்டன. வழிகாட்டியின்றி எவரும் நுழைய முடியாதென்ற விதியும் நடைமுறையில் உள்ளது.

அவர்கள் அபாயத்தை அறியாதவர்கள். 2015இற் சீயோனில் நடந்ததோ அறிந்தவர்களுக்கு நேர்ந்தது. ஆதலின் அதனைச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பூங்காவிலுள்ள ‘கீஹோல்’, அதாவது திறப்புத் துவாரம், என்னும் இடுக்கு மிகச் சிறியது. சில மணித்தியாலங்களிற் கடந்துவிடலாம். கயிற்றில் இறங்கும் இடங்களும் உயரங் குறைந்தவை. ஆனால் சில இடங்களில் தோளகலமே வழி. நடுவே ஏறித் தப்ப இடமில்லை. ‘சிறியது, எளியது’ என்ற பெயரே அதன் பொல்லாப்பு எனத் தோன்றுகின்றது. பெரிய மலையின் முன் மனிதன் தானாகவே பணிந்து நிற்பான். சிறியதன் முன் அந்தப் பணிவு வருவதில்லை.

2015 செப்டெம்பர் 14, திங்கட்கிழமை காலை, எழுவர் கொண்ட ஒரு நட்புக்குழு அதற்கான அனுமதிச்சீட்டைப் பெற்றது. கலிபோர்னியாவிலிருந்து அறுவர், நெவாடாவிலிருந்து ஒருவர், ஆண்களும் பெண்களும், ஐம்பதுகளில் இருந்தவர்கள். வெள்ளம் வரக்கூடும் என்ற அன்றைய எச்சரிக்கை அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் வானிலை நிலையம் வெள்ள அபாய அறிவித்தலை விடுத்தது. பூங்கா அதிகாரிகள் இடுக்குகளை மூடினர். ஆனால் உள்ளே நிற்பவருக்கு அதனை அறிவிப்பது எவ்வாறு? கற்சுவர்களுக்கு நடுவே தொலைபேசி ஊமை. பிற்பகலில் அவர்கள் கீஹோலுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை வேறொரு குழுவினர் கண்டுள்ளனர். பின்னர் மழை வந்தது. ஓர் அங்குலத்துக்கும் குறைந்த மழைதான். நமது மாரியில் அதனை ஒரு மழையென்றே கணக்கில் எடுக்கமாட்டோம். பூங்காவினூடே ஓடும் வேர்ஜின் ஆற்றின் அளவுகோலில் மாலையிற் செக்கனுக்கு 55 கன அடியாயிருந்த நீர், 15 நிமிடத்தில் 2,630 கன அடியாயிற்று. ஏறக்குறைய 48 மடங்கு.

அன்றிரவு அவர்களின் வாகனம் வீதியோரத்தில் நின்றபடியே நின்றது. வெள்ளம் காரணமாக மீட்புக் குழுவினர் உடனே உள்ளே இறங்க இயலவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஏழு உடல்களும் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. அதே நாளில், அதே மழையால், பூங்காவுக்கு அப்பாலுள்ள ஹில்டேல் என்னும் ஊரிற் பெண்களும் பிள்ளைகளும் ஏறியிருந்த இரு வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே 13 பேர் போயினர்.

அபாயம் தெரிந்தும் சீட்டைக் கொடுத்தது ஏன் என்று அப்போது பலர் கேட்டனர். அபாய அறிவித்தல் விடுக்கப்பட்டால் இடுக்குகள் மூடப்படும்; அதற்கு முன்னர், எச்சரிக்கையைச் சொல்லிப் போவதா விடுவதா என்பதைப் போகிறவரிடமே விடுவது அப்பூங்காவின் வழக்கம். காட்டுக்குச் செல்பவனின் உயிருக்கு அவனே பொறுப்பு என்பது அந்நாட்டவரின் கொள்கை. அக்கொள்கையை முற்றாகத் தள்ளிவிட நாம் துணியோம். வெள்ளம் வரக்கூடும் என்று சொல்லப்பட்ட நாட்களிற் பெரும்பாலானவற்றில் வெள்ளம் வராமலே போய்விடுகின்றது. அந்நாட்களிலெல்லாம் மூடினால் பருவம் முழுவதும் மூடவேண்டியதாகும். எனினும் ஒன்றை அக்கொள்கை கணக்கிலெடுக்கவில்லை என்பது எமது அபிப்பிராயம். பொறுப்பு ‘அவனுடையது’ என்கின்றனர். அங்கே நிற்பது ‘அவன்’ அல்லன், ‘அவர்கள்’. பல மாதங்களுக்கு முன்னரே நாள் குறித்து, விடுப்பெடுத்து, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவந்த நண்பர் கூட்டம். அவர்களில் ஒருவருக்கு உள்ளம் பதறலாம். ஆனால் ஆறு முகங்கள் ஆவலோடு நிற்க, ‘இன்று வேண்டாம்’ என்ற இரு சொற்களை யார் முதலிற் சொல்வது? மற்றவர் கோழை என்பரோ என்ற கூச்சம் ஒருபுறம். பிறருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்ற அடக்கம் மறுபுறம். ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள, ஒருவரும் தீர்மானிக்காத தீர்மானம் ஒன்று பிறந்துவிடும். அந்த எழுவரின் உள்ளத்தில் நிகழ்ந்ததை நாம் அறிந்தோமென்று சொல்லவில்லை. நண்பர் கூட்டத்தோடு குளத்துக்கோ கடலுக்கோ போயிருக்கும் எவரும் இந்த மௌனத்தை அறிவர் என்றுமட்டும் சொல்கின்றோம்.

அனுபவமுள்ள சில குழுக்களில் இதற்காக ஒரு வழக்கம் உண்டு. புறப்படுமுன் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் முழுக்குழுவும் திரும்பிவிடும், காரணம் கேட்கப்படாது. முதற் கயிற்றை இழுக்குமுன் அக்கேள்வி ஒருமுறை வாய்விட்டுக் கேட்கப்படும். அனுபவத்திற் குறைந்தவரிடமே முதலிற் கேட்பர். மூத்தவர் முதலிற் பேசிவிட்டால் இளையவர் வாய் திறவார் அன்றோ?

உள்ளே அகப்பட்டவர் கவனிக்கும் அறிகுறிகளும் உண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், காரணமின்றிக் காற்று வீசுதல், தூரத்திற் புகையிரதம் வருவதுபோன்ற இரைச்சல். இவற்றைக் கண்டதும் கேட்டதும் பைகளை எறிந்துவிட்டு உயரமான திட்டில் ஏறுதல் வேண்டும். திட்டு இருந்தால்!

நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று வட அமெரிக்காவிற் படிக்கின்றனர், தொழில் செய்கின்றனர். அவர்களிற் சிலர் இவ்விடங்களைக் காணவும் ஆசைப்படுவர், ஆசை நியாயமானதே. யூன் மாதம் அங்கு மிக வறண்ட காலம். மே மாதமும் ஒக்டோபரும் நடப்பதற்கு ஏற்றவை. அன்ரலோப் கனியனைக் காண்பதற்குக் கயிறு வேண்டியதில்லை, நவஹோ வழிகாட்டியுடன் நடந்தே பார்த்துவிடலாம். கூட்டம் அதிகமாதலின் முன்னரே பதிவு செய்வது நன்று. சீயோனின் நரோஸில் கீழ்வாயிலால் நுழைந்து, விரும்பிய தூரம் நடந்து, வந்த வழியே திரும்புவதற்கு அனுமதிச்சீட்டும் தேவையில்லை. ஆற்றில் நடக்க நல்ல சப்பாத்தும் ஒரு கோலும் போதும். அன்றைய வெள்ளக் கணிப்பைப் பூங்கா வாயிலிலுள்ள நிலையத்திற் காலையிலேயே எழுதி வைப்பர்.